ஆற்றல் அழிவின்மை விதியும் பெரியப்பாவின் கேள்வியும்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீடு. ஊட்டியில் தங்கி பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சைவ சித்தாந்தத்தில் ஊறியவர். மாரியம்மன் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தபோது, "காரணம் இல்லாமல் காரியம் இல்லை. உலகம் ஒரு காரியம். அதனால் அதைச் செய்தவன் ஒருவன் உண்டு" என்றார். "குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷக் கணக்கை யார் சொல்லிக்கொடுத்தது?" என்றும் கேட்டார். நான், "ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, இது விதி. ஆக்கவே முடியாத ஒன்றுக்கு ஆக்கியவன் எதற்கு?" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா எழுந்து போய்விட்டார். இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அறிவியல் விதிகள் கடவுளுக்கான பழைய வாதங்களை உடைத்துவிட்டனவா, இல்லையா? நம்பிக்கை இல்லாமல் அடுத்த திருவிழாவில் பூஜைக்கு நிற்பது பொய் ஆகாதா?

பதில்: தம்பி, முதலில் உங்கள் விதியை எடுத்துக்கொள்வோம். பெரியப்பாவின் வாதத்துக்கு அப்புறம் வருகிறேன்.

"ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது" என்பது பள்ளிக்கூடச் சுருக்கம். முழு விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராத, உள்ளேயிருந்து எதுவும் வெளியே போகாத ஒரு தனித்த அமைப்பில் மொத்த ஆற்றல் மாறுவதில்லை. உங்கள் தர்க்கம் அந்தத் 'தனித்த' என்ற இடத்தில்தான் இடறுகிறது. பிரபஞ்சத்தில் வெளியார் யாரும் கை வைப்பதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தால்தான் அதைத் தனித்த அமைப்பு என்று சொல்ல முடியும். பெரியப்பா மறுப்பதே அந்த முடிவைத்தானே? எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கியிருக்கிறீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த விதி எங்கிருந்து வருகிறது என்பதை 1918-இல் எம்மி நோத்தர் என்ற கணித மேதை காட்டினார். ஓர் அமைப்பை ஆளும் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருந்தால், அந்த ஒரே காரணத்தால் அங்கே ஆற்றல் மாறாமல் இருக்கும். உங்கள் ஆய்வகத்தில் அப்படித்தான். பைக்காரா மின்நிலையத்திலும் அப்படித்தான், இம்மியும் பிசகாது. ஆனால் பிரபஞ்சம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அது விரிந்துகொண்டே போகிறது, வெளியின் வடிவமே காலத்தோடு மாறுகிறது. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்து விடுபட்ட ஒளி, அப்போது சுமார் 3,000 கெல்வின் வெப்பநிலைக்கு உரியதாக இருந்தது. இன்று அதே ஒளி 2.7 கெல்வினுக்கு உரிய நுண்ணலையாக நம்மைச் சுற்றி நிறைந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு ஃபோட்டானிடமும் மிஞ்சியிருப்பது பழைய ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி எங்கே போனது? ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கையில் பிரபஞ்சம் முழுமைக்கும் சேர்த்து எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே வரவு செலவுக் கணக்கு கிடையாது. ஆகவே இந்த விதியைக் காட்டி, பிரபஞ்சம் எப்போதும் இருந்தது என்று முடிவு கட்ட முடியாது. தொடங்கியது என்றும் கட்ட முடியாது. இந்த நேரத்துக்கும் அந்த நேரத்துக்கும் இடையே மொத்தம் மாறவில்லை என்பதுதான் விதி. முதல் நேரம் என்று ஒன்று இருந்திருந்தால், அதற்கு முன்னால் விதிக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இந்த விதி நாத்திகர்களின் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். 1948-இல் ஃபிரெட் ஹாய்ல், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு மூவரும் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே வேண்டாம், அது எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார்கள். ஹாய்ல் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், 'தொடக்கம்' என்ற பேச்சே அவருக்கு மதவாடை அடித்தது. ஆனால் விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சம் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டுமானால் புதிய பருப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத் தோன்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக அழிவின்மை விதியை வழக்கமான பொருளில் தளர்த்தவும் அவர்கள் தயாராக இருந்தார்கள். உங்கள் பக்கத்து ஆள்கள் என்று நீங்கள் நினைக்கக்கூடியவர்களே நீங்கள் பிடித்துக்கொண்ட விதியைக் கைவிடத் துணிந்தார்கள்!

அந்தக் கொள்கையைச் சாய்த்த சான்றுகளில் ஒன்று உங்கள் கல்லூரியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய முத்தோரையிலிருந்து வந்தது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் இயங்கத் தொடங்கிய அங்குள்ள ரேடியோ தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர். ஊட்டியின் அட்சரேகை 11 பாகை. அதே அளவு சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப்பிடித்து, சுழலும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி அமைத்தார்கள். தொலைதூர ரேடியோ மூலங்களை நிலா மறைக்கும் கணத்தைக் கவனித்து அவற்றின் கோண அளவை அங்கே கணித்தார்கள். ஸ்வரூபும் விஜய் கபாஹியும் 1975-இல் வெளியிட்ட முடிவுகள், பிரபஞ்சம் முன்பு இன்று போல் இல்லை என்ற பக்கம் எடையைக் கூட்டின. நேரம் கிடைத்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். கண்ணாடி வைத்த தொலைநோக்கியை எதிர்பார்த்துப் போனால்தான் ஏமாற்றம்.

சரி, பெரியப்பாவுக்கு வருவோம். நீங்கள் வீசிய விதி அவர்மேல் படவே இல்லை. சைவ சித்தாந்தம் உலகம் சூனியத்திலிருந்து வந்தது என்று சொல்வதில்லை. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது அதன் அடிப்படை. சற்காரியவாதம் என்று பெரியப்பா சொல்லியிருப்பார். உலகுக்கு முதற்காரணம், அதாவது மூலப்பொருள், மாயை; அது அநாதி. துணைக்காரணம் சக்தி. இறைவன் நிமித்த காரணன், அதாவது செய்பவன். குடத்துக்கு மண்ணும் சக்கரமும் குயவனும் என்று அவர்கள் வழக்கமாக விளக்குவார்கள். மண்ணை யாரும் படைக்கவில்லை. "ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது" என்று நீங்கள் சொன்னதை 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டார் கேட்டிருந்தால், அதைத்தானப்பா நானும் சொல்கிறேன் என்றிருப்பார்.

அப்படியானால் உங்கள் விதி யாரைத் தொடுகிறது? ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பு என்று சொல்லும் கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகளைத் தொடுவதுபோல் தோன்றும். அங்கேயும் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் போன்றவர்கள் படைப்பை ஒன்று இன்னொன்றாக மாறும் நிகழ்ச்சியாக எண்ணவில்லை. ஆற்றல் விதியோ மாற்றங்களைப் பற்றியது. உலகத்துக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் இருந்தது என்பதைப் பகுத்தறிவால் நிரூபிக்க முடியாது என்று அக்குவினாஸே எழுதியிருக்கிறார். தொடக்கத்தை நிரூபிக்க முடியும் என்று வாதாடியவர்கள் இஸ்லாமிய இறையியலாளர் அல்-கஸாலி போன்ற வேறு ஆள்கள். 'முதல் காரணம்' என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வாதங்கள் திரிகின்றன. ஒன்று காலத்தில் பின்னோக்கிப் போவது. மற்றது இந்தக் கணத்திலேயே எது எதைத் தாங்குகிறது என்று கேட்பது.

இரண்டாவதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் ரயில் போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது என்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது. முதல் பெட்டியை இரண்டாவது தள்ளுகிறது, இரண்டாவதை மூன்றாவது. பெட்டிகளை எத்தனை கூட்டினாலும், எண்ணிக்கையே இல்லாமல் கோத்தாலும், என்ஜின் இல்லையென்றால் செங்குத்து ஏற்றம் தொடங்கும் கல்லாறைத் தாண்டி ஒரு பெட்டியும் ஏறாது. தள்ளப்படாமல் தள்ளும் ஒன்று இப்போதே இருக்க வேண்டும் என்பதுதான் அரிஸ்டாட்டில் தொடங்கி அக்குவினாஸ் வரை வந்த வாதத்தின் சாரம்.

இங்கேதான் ஓர் அறிவியல் விதி உண்மையாகவே காயப்படுத்தியது. அரிஸ்டாட்டிலுக்கு, நகரும் எதையும் ஏதாவது ஒன்று தொடர்ந்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். எய்த அம்பைக்கூடக் காற்றுதான் தள்ளிக்கொண்டு போகிறது என்றார். கலிலியோவுக்குப் பிறகு, 1687-இல் நியூட்டனின் முதல் விதிக்குப் பிறகு, அந்த இயற்பியல் செத்துவிட்டது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 இன்றும் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, பின்னால் யாரும் தள்ளவில்லை. உராய்வே இல்லாத சமதளத்தில் ரயிலை ஒருமுறை தள்ளிவிட்டால் அதற்கும் அப்புறம் என்ஜின் வேண்டாம். ஆகவே "அசைவு இருக்கிறது, எனவே அசைப்பவன் இருக்கிறான்" என்று இட நகர்வை மட்டும் வைத்துச் சொன்ன வாதம் போயிற்று. அதற்கு ஒட்டுப்போடுவதில் பயனில்லை.

வாதத்தைக் காப்பவர்கள் பின்வாங்கி நிற்கும் இடம் வேறு. நகர்வை விடுங்கள், ஒரு பொருள் இருந்துகொண்டே இருப்பதற்கு என்ன காரணம் என்கிறார்கள். இருத்தல் என்பது கல்லாறு ஏற்றமா, சமதளமா? ஏற்றம் என்றால் ஒவ்வொரு கணமும் ஏதாவது தாங்க வேண்டும். சமதளம் என்றால், அழிக்க ஒன்று வரும்வரை அது பாட்டுக்கு இருக்கும். இன்றைய தத்துவவாதிகள் இதைப் பற்றித் தீவிரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியூட்டனின் விதி இந்தச் சண்டைக்குள் வராது. அது வேகத்தைப் பற்றிப் பேசுகிறது, இருத்தலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. எனக்குச் சமதளம்தான் நியாயமாகப் படுகிறது. ஆனால் அப்படிப் படுவதற்கு எந்தச் சமன்பாட்டையும் ஆதாரமாகக் காட்ட என்னால் முடியாது.

குறிஞ்சி விஷயத்தில் பெரியப்பாவின் பக்கம் பலவீனமானது. 1802-இல் ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் பேலி உயிரினங்களின் அமைப்பைக் காட்டி வடிவமைத்தவன் ஒருவன் உண்டு என்று வாதாடினார். 1859-இல் டார்வின் அந்த வாதத்தின் அடித்தளத்தையே எடுத்துவிட்டார். குறிஞ்சிக்கு உயிரியலாளர்கள் சொல்லும் விளக்கம் இப்படிப் போகிறது. சரிவு முழுவதும் ஒரே சமயத்தில் பூத்துக் காய்த்தால், விதை தின்னும் பூச்சியும் பறவையும் எலியும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். தனியாக முந்திப் பூத்த செடியின் விதை முழுவதும் வயிற்றுக்குப் போய்விடும். தலைமுறை தலைமுறையாக இந்த வடிகட்டல் நடந்தால், சேர்ந்து பூக்கும் செடிகளே எஞ்சும். கணக்கைச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் தேவையில்லை. இதைத் தெரிந்துகொண்டவர்கள், உயிரினங்களை விட்டுவிட்டு, விதிகளும் மாறிலிகளும் ஏன் உயிருக்கு ஏற்ற அளவில் இருக்கின்றன என்ற கேள்விக்கு இடம் மாறிவிட்டார்கள். அது வேறு பெரிய கதை, இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

உங்கள் வகுப்பில் யாராவது குவாண்டம் இயற்பியலைக் கொண்டுவருவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிற்கும் நீலகிரியின் சார்னோகைட் பாறைக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது. அவ்வளவு பழைய பாறையின் வயதைக் கதிரியக்கச் சிதைவை வைத்துத்தான் அளக்கிறார்கள். ஒரு யுரேனிய அணு இன்று ஏன் சிதைந்தது, பக்கத்து அணு ஏன் சிதையவில்லை என்று கேட்டால், பெரும்பாலான இயற்பியலாளர்கள் ஏற்கும் விளக்கத்தின்படி அதற்குத் தனிக் காரணம் இல்லை. ஆனால் கோடானுகோடி அணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் அரையாயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) துல்லியமாக நிற்கிறது. அதனால்தான் பாறையின் வயதையே சொல்ல முடிகிறது. இது பெரியப்பாவின் முதல் வாக்கியத்தை உரசத்தான் செய்கிறது. 'ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதைத் தவிர்க்க முடியாததாக்கும் ஒரு காரணம் உண்டு' என்று இனி அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அணு இல்லாமல் சிதைவும் இல்லையே! எதுவுமே இல்லாத இடத்திலிருந்து ஒன்று குதித்து வருவதை யாரும் காட்டவில்லை. குவாண்டம் வெற்றிடத்திலும் ஆற்றல் இருக்கிறது, விதிகள் இருக்கின்றன. அதைச் சூனியம் என்று விற்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

எதிர்ப்பக்கத்திலும் இதே அவசரம் உண்டு. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், புதிய அண்டவியல் படைப்பை உறுதிசெய்வதுபோல் பேசினார். விரியும் பிரபஞ்சத்தைப் பற்றி 1927-லேயே எழுதியவரும், 1931-இல் ஆதி அணு என்ற கருத்தை முன்வைத்தவருமான ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். மகிழ்ந்திருப்பார் என்றுதானே நினைப்போம்? அவருக்கு அது பிடிக்கவில்லை. தன் கொள்கை மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, ஆத்திகரும் நாத்திகரும் ஒன்றுபோல் கையாளலாம் என்பதே அவருடைய நிலை. பெருவெடிப்பையோ வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியையோ காட்டிக் கடவுளை நிரூபிக்க வருபவர்களுக்கு அவரைவிட நல்ல பதில் நான் சொல்லிவிட முடியாது.

ஆகவே 'விதிகள் உடைத்துவிட்டனவா' என்ற உங்கள் கேள்விக்கு மொத்தமாக ஆம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எந்த விதி, எந்த வாதத்தின் எந்த வரியில் போய் முட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நியூட்டனின் முதல் விதியான நிலைம விதி அசைவு வாதத்தில் முட்டியது, இயற்கைத் தேர்வு வடிவமைப்பு வாதத்தில் முட்டியது. நீங்கள் வீசியது எதிலும் முட்டவில்லை.

இந்த வாதங்களுக்குப் பலமான அடி விழுந்தது விதிகளால் அல்ல, தர்க்கத்தால் என்பது என் கணிப்பு. அடித்தவர்களில் பக்தர்களும் உண்டு. இராமானுசர் தம் பிரம்ம சூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில், காரியத்தைக் கண்டு கர்த்தாவை ஊகிக்கும் இந்த அனுமானத்தை நார்நாராகக் கிழிக்கிறார். பூமி, மலை, கடல் எல்லாம் காரியங்கள் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே சமயத்தில், ஒரே கர்த்தாவால் செய்யப்பட்டன என்பதற்கு என்ன சான்று? குடத்தையும் மதிலையும் வெவ்வேறு பேர் வெவ்வேறு காலத்தில் செய்வதைத்தானே பார்க்கிறோம்? இறைவனை வேதத்தால்தான் அறிய முடியும், அனுமானத்தால் அல்ல என்பது அவர் முடிவு. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்ட நூல் 1779-இல்தான் வந்தது. அதற்கும் முன்னால், வேதச் சடங்குகளை முதன்மையாகக் கொண்ட மீமாம்சகர்கள், பகுதிகள் தோன்றி மறைகின்றன, மொத்த உலகமும் ஒருநாள் தோன்றியது என்று எப்படிச் சொல்வீர்கள் என்று மடக்கியிருக்கிறார்கள். சமணர்களுக்குப் படைத்தவனே தேவைப்படவில்லை. தமிழ் மண்ணில் இந்த வழக்கு நடக்காத காலம் குறைவு, அதற்கு யாரும் ஐரோப்பாவிலிருந்து விதிகள் கப்பலில் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மட்டும் அசையாமல் நிற்கிறது. 1714-இல் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் கேட்டது: ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது? ஒரு விதியைக் காட்டி இதற்குப் பதில் சொன்னால், அந்த விதி ஏன் இருக்கிறது என்று கேள்வி ஒருபடி மேலே ஏறிக்கொள்ளும். கடவுள் என்று பதில் சொன்னாலும் ஏறத்தான் செய்யும்; அவர் மட்டும் விளக்கம் தேவைப்படாதவர் என்று தனியாக நிறுவ வேண்டியிருக்கும். 1948-இல் பிபிசி வானொலி விவாதத்தில் பெர்ட்ரண்ட் ரஸல், பிரபஞ்சம் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான் என்று நிறுத்திக்கொண்டார். அவரோடு நிறுத்திக்கொள்ளலாம், பெரியப்பாவோடு மேலே போகலாம். இரண்டில் எதற்கும் உங்கள் பாடப்புத்தகம் துணைக்கு வராது.

பூஜைக்கு நிற்பது பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். தேயிலைக்காட்டு மாரியம்மனை யாரும் அனுமானம் செய்து கண்டுபிடிக்கவில்லை. மழைக்கும் அம்மைக்கும் பிள்ளைகுட்டிகளின் நலத்துக்கும் கும்பிட்ட தெய்வம் அது. அங்கே நிற்பவர்களிடம் முதல் காரணத்தைப் பற்றி யாரும் வாக்குமூலம் வாங்குவதில்லை. கூழ் ஊற்றுவதில் கை கொடுங்கள், பாத்திரம் தூக்குங்கள். நம்புகிறாயா என்று யாராவது நேரடியாகக் கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள், பணிவாகச் சொல்லுங்கள்.

பெரியப்பா எழுந்து போனது விதியைக் கேட்டு அல்ல, சிரிப்பைக் கேட்டு. வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் நின்றவர், சொந்தக்காரர்கள் முன்னால் பிள்ளையிடம் அடிவாங்கிய மாதிரி ஆகிவிட்டது. அதனால் கூட்டத்தில் சமாதானம் பேசாதீர்கள், தனியாகப் போங்கள். நான் சொன்ன விதி உங்கள் சற்காரியவாதத்துக்கு ஆதரவாக அல்லவா போகிறது, எனக்குத் தெரியாமல் போயிற்று என்று முதலில் சொல்லிவிடுங்கள். குறிஞ்சியை அன்றைக்கு எடுக்க வேண்டாம். சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்துக்குப் பொருள் கேளுங்கள், உலகம் மொத்தமும் ஒருநாள் தோன்றியது என்பதை மீமாம்சகர் ஏற்கவில்லையே, அவர்களுக்கு என்ன பதில் என்றும் கேளுங்கள். அவரிடம் பதில் இருக்கும். சித்தாந்தம் படித்த தமிழாசிரியர் பாதியில் விடமாட்டார், ஊட்டிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.